செய்யாமல் இருக்கும் உரிமை

கேள்வி: வணக்கம் ஐயா. அரசு உதவி பெறும் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். கல்லூரி நாளிலிருந்தே எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நான் மணக்கவிருப்பவருக்கும் இல்லை. நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சடங்கு எதுவும் இல்லாமல் திருமணம் செய்துகொள்ள நினைக்கிறோம். அப்பா தாலியாவது கட்டட்டும் என்கிறார். அவர் வீட்டிலோ சர்ச்சுக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். திருமணத்துக்கு முன்பே ‘சாதி மதமற்றவர்’ சான்றிதழ் வாங்கிவிடட்டுமா? காலை இறைவணக்கத்தில் கைகூப்பிப் பாடவில்லை என்பதற்காகத் தலைமை ஆசிரியை மெமோ தருவேன் என்கிறார். ஒரு பேருந்து விபத்து வழக்கில் சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்திருக்கிறது; அங்கே கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வேண்டுமா? போதாக்குறைக்கு, மார்கழி முழுக்கத் தெருக் கோயில் ஒலிபெருக்கி விடிகாலை நாலரைக்கே பாடத் தொடங்கிவிடும். என்னவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சாமிகளைக் கேலி செய்து படம் போடுகிறார்; வழக்கு வருமோ என்றும் பயமாக இருக்கிறது. எனக்கு எங்கே என்ன உரிமை உண்டு?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இத்தனை கேள்விகளுக்கும் அடியில் ஒரே சட்டம்தான் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 25(1) பிரிவு மதச் சுதந்திரத்தைச் சொல்வதற்கு முன்பே மனச்சான்றுச் சுதந்திரத்தைச் சொல்லிவிடுகிறது. நம்பாதவருக்கும் அதில் இடமுண்டு. எந்தப் படிவத்திலும் மதத்தைக் குறிப்பிடும்படி அரசு ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது, எனக்கு மதம் இல்லை என்று சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014-இல் தெளிவாகவே சொன்னது. ஆனால் இந்த உரிமை எதுவரை போகும் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழிபாட்டை நீங்கள் செய்யாமல் இருப்பதற்கு அது காவல். பக்கத்தில் இருப்பவர் வழிபடுவதைத் தடுக்க அது உதவாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நியாயமான பல வழக்குகள் தோற்றுப்போகின்றன.

அவசரமானதை முதலில் பார்ப்போம். சாட்சிக் கூண்டில் கடவுளின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 1969-ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டம் இரண்டு வாசகங்களைத் தருகிறது. ஒன்று கடவுள் பெயரால் சத்தியம், மற்றது உளமார உறுதி. சாட்சி விரும்பினால் இரண்டாவதைச் சொல்லலாம்; அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நீதிமன்ற ஊழியர் பழக்கத்தில் “கடவுள் சாட்சியாக” என்று தொடங்கினால், அவர் முடிக்கும்வரை காத்திருக்காமல் நீதிபதியைப் பார்த்து, “உளமார உறுதி கூற விரும்புகிறேன்” என்று சொல்லுங்கள். பிறகு, “நான் சொல்வதெல்லாம் உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்று உளமார உறுதி கூறுகிறேன்” என்றால் போதும். கடவுள் பெயரைச் சொல்ல விரும்பாத அமைச்சர்கள் பதவியேற்கும்போது சொல்வதும் இதே சொல்தான். உறுதிமொழி எடுத்துவிட்டுப் பொய் சொன்னாலும் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னாலும் தண்டனை ஒன்றே. ஏழு ஆண்டு வரை சிறை. உங்கள் சாட்சியத்தின் எடையும் குறையாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில், “சாமி இல்லை என்பவர் சொல்வதை எப்படி நம்புவது?” என்று கேட்டால் வாதாட வேண்டாம். வழக்குக்குத் தொடர்பில்லாத, புண்படுத்தும் கேள்வியைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. அவர் பதில் சொல்லச் சொன்னால் மட்டும், “உண்மையைச் சொல்வதாக உறுதி கூறியிருக்கிறேன்” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பள்ளி. அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் பயிலும் எவரையும் அவரது சம்மதமின்றி, சிறுவரென்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதமின்றி, மத போதனையிலும் வழிபாட்டிலும் பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பயில்பவரைப் பற்றிப் பேசும் பிரிவு அது. ஆசிரியருக்கு முதன்மையான அரண் 25(1)தான். நாசிக்கில் ஒரு பள்ளி ஆசிரியர் காலை வழிபாட்டில் கைகூப்ப மறுத்தார். அதற்காக அவருக்கு ஊதிய உயர்வை மறுத்தார்கள். அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம். அதைவிட வலுவான துணை உச்ச நீதிமன்றத்தின் 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அங்கே அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியது அவர்கள் நின்ற விதம் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே காலைக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பணியாளர் அறையில் உட்கார்ந்திருந்தால் நிர்வாகம் அதை மனச்சான்றுப் பிரச்சினையாகவே பேசாது. பணியில் ஒழுங்கீனம் என்று எழுதும். அந்த வழக்கில் நீங்கள் தோற்பீர்கள். உங்கள் வகுப்பு வரிசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், பிள்ளைகளை ஒழுங்குபடுத்துங்கள், பாடல் முடியும்வரை கைகளைத் தொங்கவிட்டு அமைதியாக நில்லுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, கைப்பேசி பார்ப்பது, பக்கத்து ஆசிரியரிடம் பேசுவது எல்லாமே பின்னால் சாட்சியமாக வரும்.

மெமோ வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தலைமை ஆசிரியைக்கு ஒரு சிறு கடிதம் கொடுங்கள். “காலைக் கூட்டத்தில் தவறாமல் கலந்துகொண்டு மாணவர்களை ஒழுங்குபடுத்தும் பணியைச் செய்து வருகிறேன். இறைவணக்கப் பாடலின்போது மரியாதையுடன் எழுந்து நிற்கிறேன். பாடவும் கைகூப்பவும் என் மனச்சான்று இடம் தரவில்லை. அரசமைப்புச் சட்டம் 25(1) தரும் உரிமையின்படி இதை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.” இவ்வளவே போதும். பகுத்தறிவைப் பற்றியோ, கடவுள் ஏன் இல்லை என்பது பற்றியோ ஒரு வரியும் வேண்டாம். நகலில் தேதியும் முத்திரையுமாக ஒப்புதல் வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகை பெறும் வசதியோடு விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். அதற்குப் பிறகும் மெமோ வந்தால் அதில் குறித்த கெடுவுக்குள் இதே சொற்களில் பதில் கொடுத்து, நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பதில் கொடுக்காமல் விட்ட மெமோவே பல பேருக்குப் பின்னால் தண்டனையாக வந்து நின்றிருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வகுப்பறையில் நீங்கள் அதிகாரத்தில் இருப்பவர். திருநீற்றை அழி என்றோ, சிலுவைச் சங்கிலியைக் கழற்று என்றோ, சாமி பொய் என்றோ ஒரு பிள்ளையிடம் சொன்னால், உங்களைக் காக்கும் அதே மனச்சான்று உரிமை அந்தப் பிள்ளையின் பக்கம் போய்விடும். கிரகணம் எப்படி உண்டாகிறது, அம்மை எதனால் வருகிறது என்று பாடத்தை ஒழுங்காக நடத்துங்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது அரசமைப்புச் சட்டம் 51-A(h) ஒவ்வொரு குடிமகனுக்கும் விதித்துள்ள அடிப்படைக் கடமை. ஆயுத பூஜைக்கு வசூல் வந்தால் கொடுக்க மாட்டேன் என்று தனியாகச் சொல்லிவிடலாம். அன்றைக்கு ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் வேலையை ஏற்றுக்கொண்டால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

இனி திருமணம். பலர் தடுக்கி விழும் இடம் இது. தமிழ்நாட்டில் சடங்கில்லாத் திருமணம் என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சுயமரியாதைத் திருமணம். 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அண்ணா ஆட்சியில் 1967-இல் இயற்றிய சட்டத்திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-A என்ற பிரிவைச் சேர்த்து அதைச் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகப் புரியும் மொழியில் சொல்வது, மாலை மாற்றுவது, மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை. ஊரைக் கூட்டி அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டுமே பொருந்தும். உங்களவர் சர்ச்சுக்குப் போகாதவராக இருக்கலாம். ஞானஸ்நானப் பதிவும் பள்ளிச் சான்றிதழும் அவரைக் கிறிஸ்தவர் என்று காட்டும்போது, அந்தத் திருமணம் 7-A-வின் கீழ் நிற்குமா என்ற சண்டை பின்னாளில் சொத்து வழக்கிலோ ஓய்வூதியக் கோப்பிலோ கிளம்பும். இதற்குப் பரிகாரம் என்று ஒரு மதமாற்றச் சான்றிதழ் வாங்கி, இந்து என்று பதிவு செய்துவிடலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். மதமே வேண்டாம் என்பவர்கள் பொய்யாக ஒரு மதத்துக்கு மாறித் திருமணம் செய்வதைப் போன்ற வேதனை வேறில்லை. சட்டப்படியும் அது ஆட்டம் காணும் அடித்தளம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் இருவருக்கும் உரியது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இதற்கு முந்தைய 1872-ஆம் ஆண்டுச் சட்டம், இந்த மதங்களில் எதையும் நான் பின்பற்றவில்லை என்று எழுதித் தரச் சொன்னது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் மதத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. உங்களில் ஒருவராவது குறைந்தது 30 நாள் தொடர்ந்து வசித்துவரும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம், தமிழ்நாட்டில் சார்பதிவாளரிடம், அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதைப் பதிவேட்டில் ஏற்றி, அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவார்கள். நிரந்தர முகவரி வேறு எல்லையில் இருந்தால் அங்கேயும் ஒரு நகல் போகும். 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆனால் எடுத்துக்கொள்ளப்படும் காரணங்கள் நான்கே: உயிரோடிருக்கும் துணை, சம்மதம் தர முடியாத மனநிலை, வயது (ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18), தடை செய்யப்பட்ட உறவுமுறை. வேறு மதம், வேறு சாதி, பெற்றோருக்கு விருப்பமில்லை என்பவை ஆட்சேபணையே அல்ல. அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த நாள்கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அறிவிப்பில் பெயரும் முகவரியும் இருக்கும். ஆகவே அப்பாவுக்கு அது அறிவிப்புப் பலகை வழியாகவோ அக்கம்பக்கத்தார் வாய் வழியாகவோ தெரியவரக் கூடாது. நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

திருமண நாளில் மூன்று சாட்சிகள் வேண்டும். அலுவலர் முன்னிலையில், “இன்னாராகிய நான், இன்னாராகிய உங்களை என் சட்டப்படியான கணவராக ஏற்கிறேன்” என்று நீங்களும், அதே போல அவரும் சொல்ல வேண்டும். இந்த வாசகம் கட்டாயம். மற்றபடி எந்த முறையில் வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. கூடுதல் கட்டணம் செலுத்தினால், நியாயமான தூரத்துக்குள் வேறு இடத்திலும் நடத்தலாம். அப்பாவின் தாலிக்கும் இதில் சட்டத் தடை எதுவும் இல்லை என்பதைப் பார்த்தீர்களா? தாலி கட்டினால் திருமணம் செல்லாமல் போகாது, கட்டாவிட்டாலும் போகாது. ஆகவே அதை வீட்டுக்குள் பேசித் தீர்க்கும் விஷயமாக வைத்துக்கொள்ளுங்கள். மந்திரமும் புரோகிதரும் இல்லாமல் அப்பா கையால் எடுத்துக் கொடுக்கும் தாலியை ஏற்பதா, மாலை மட்டும் போதுமா என்பது உங்கள் மனத்தைப் பொறுத்தது. ஏற்றுக்கொண்டால் கொள்கை போய்விட்டது என்று யாராவது சொன்னால் அதற்காகக் கலங்க வேண்டாம்.

சர்ச் விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும். மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி சர்ச்சில் திருமணம் நடத்த முடியும். அங்கே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் அந்தச் சட்டத்தின் கீழ் மணமானவர்கள். பெரியவர்கள் மனம் ஆற வேண்டுமென்றால் சார்பதிவாளர் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, வீட்டில் ஒரு ஜெபத்துக்கு அமைதியாக உட்கார்ந்து எழுந்து வாருங்கள். திருமணப் பதிவேடு, ஞானஸ்நானப் படிவம் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

இந்தச் சட்டத்தில் மணந்தால் சொத்து விவகாரம் மாறும் என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிரிக்கப்படாத இந்துக் கூட்டுக் குடும்பத்தில் நீங்கள் பங்காளியாக இருந்தால், திருமண நாளோடு சட்டப்படி அதிலிருந்து பிரிந்தவராகிறீர்கள். அதுவரை உங்களுக்குச் சேர வேண்டிய பங்கு போகாது. அப்பாவுக்கு வாரிசாகும் உரிமையும் போகாது. போய்விடும் என்று உறவுக்காரர்கள் மிரட்டினால் நம்பாதீர்கள். மாறுவது உங்கள் சொத்து உங்களுக்குப் பின் யாருக்குப் போகும் என்பதுதான். அது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கையில் பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. உங்கள் சம்பளத்தை நம்பி அம்மா இருக்கிறார் என்றால் உயில் எழுதியே ஆக வேண்டும். அதைத் திருமணத்துக்குப் பிறகு எழுதுங்கள், ஏனென்றால் இந்தச் சட்டத்தில் திருமணம் முந்தைய உயிலை ரத்தாக்கிவிடும். இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலால் பயனடைபவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது.

சான்றிதழுக்கு வருவோம். திருமணத்துக்கு அது தேவையே இல்லை, ஆகவே அவசரம் வேண்டாம். திருப்பத்தூரில் ஒரு பெண் வழக்கறிஞர் 2019 பிப்ரவரியில் வட்டாட்சியரிடம் ‘சாதி மதமற்றவர்’ சான்றிதழ் பெற்ற பிறகு பலர் விண்ணப்பித்தார்கள். அப்படிச் சான்றளிக்க வட்டாட்சியருக்கு அதிகாரமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2023-இல் சொன்னார். 2025 ஜூனில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, இத்தகைய சான்றிதழ் வழங்க அரசாணை பிறப்பிக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. இப்போது விண்ணப்பிப்பவர் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

அந்தத் தாளால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதைக் கணக்குப் பாருங்கள். சாதி இல்லை என்று அறிவித்தவர் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. இனி எழுதும் தேர்வுகளில் பொதுப்பிரிவுப் போட்டிதான். பட்டியல் சாதியினராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. மதத்தை விட்டால் அந்த நிலையே கேள்விக்குள்ளாகும். இவ்வளவையும் கொடுத்துவிட்டு வாங்கும் சான்றிதழ், தனிநபர் சட்டத்திலிருந்து, அதாவது மதத்தை ஒட்டி அமைந்த திருமண, வாரிசுரிமைச் சட்டங்களிலிருந்து, உங்களை வெளியே கொண்டுவருமா என்றால், அதுவும் இல்லை. இந்துத் திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் இந்துவாகப் பிறந்தவரோடு நிற்பதில்லை. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்றவரையும் பொதுவாகத் தம் வரம்புக்குள் இழுத்துக்கொள்கின்றன. சமூக அநீதியைச் சரிசெய்ய வந்த இடஒதுக்கீட்டை, நம்பிக்கை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடத்தான் வேண்டுமா என்பதை நீங்களும் வீட்டாரும் நிதானமாக யோசியுங்கள். என் கருத்தில் உங்கள் நிலையில் இப்போது அது வேண்டாம்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு வேறொரு வழி இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் கேட்கும் இடத்தை வெறுமையாக விடவோ, ‘இல்லை’ என்று எழுதவோ 1973-ஆம் ஆண்டின் அரசாணை எண் 1210-உம் 2000-ஆம் ஆண்டின் அரசாணை எண் 205-உம் இடம் தருகின்றன. சேர்க்கையின்போது பள்ளி மறுத்தால் இந்த எண்களைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். பின்னாளில் பிள்ளை ஒதுக்கீடு கேட்க விரும்பினால் வெற்றிடத்துக்கு விளக்கம் கேட்பார்கள். ஆகவே உங்கள் இருவரின் சாதிச் சான்றிதழ்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

எதையும் இழக்காமல் உண்மையைச் சொல்ல ஓர் இடம் உண்டென்றால் அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அங்கே சொல்வது ரகசியம். நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வராது, இடஒதுக்கீட்டையும் தொடாது. கணக்கெடுப்பாளர் பெயரைக் கேட்டவுடன் மதத்தைத் தானாக எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. “மதம் இல்லை என்று எழுதுங்கள்” என்று சொல்லி, பதிவாவதைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதோர் சுமார் 28.7 லட்சம் பேர். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஆம் நாள் நிலவரத்தை அடிப்படையாகக் கொண்டது.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடவுள் இல்லை என்று சொல்வதும் எழுதுவதும் கருத்துரிமை. பெரியார் சிலைப் பீடங்களில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை எதிர்த்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் தள்ளுபடி செய்தது. ஆனால் மத உணர்வைப் புண்படுத்தும் தீய நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை. கைது நடக்கக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத பிரிவு அது. நோக்கம் தீயதா இல்லையா என்பது விசாரணையில்தான் முடிவாகும், கைதோ அதற்கு முன்பே வந்துவிடும். வாதத்தை எழுதச் சொல்லுங்கள். தெய்வ உருவத்தைத் திரித்த படங்களை அனுப்புவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பிறர் அனுப்பியதை மேலனுப்பினாலும் பொறுப்பு உண்டு.

கடைசியாக ஒலிபெருக்கி. இங்கே உங்கள் நாத்திகத்துக்கு வேலையே இல்லை. அதை மனுவில் கொண்டுவந்தால் மனு கெட்டுவிடும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, அனுமதி இல்லாமல் எந்த நேரத்திலும் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் வைக்கவே கூடாது. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் மாநில அரசு தளர்வு தரலாம், ஆனால் அது இரவு 10 முதல் 12 வரைதான். விடிகாலை நாலரைக்கு அந்தத் தளர்வு எட்டாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வைத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என உச்ச நீதிமன்றம் 2000-இல் கூறியது. கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் அளவு ஒன்றே.

முதலில் கோயில் நிர்வாகியைப் பகலில் போய்ப் பாருங்கள். பாட்டை நிறுத்தச் சொல்ல வேண்டாம், ஆறு மணிவரை ஒலிபெருக்கி இல்லாமல் உள்ளே மட்டும் கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் ஒரு வாரத்துக்குத் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் குறித்து, காவல் ஆய்வாளருக்கு மனு கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு நகல் அனுப்புங்கள். கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபலை நம்பி மனுவை எழுதாதீர்கள். அளவெடுப்பது வாரியத்தின் வேலை, நேரத்தை மீறியதைக் காட்டினாலே போதும். தனியாகக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் அம்மா, இரவுப் பணி முடிந்து தூங்குபவர், உடம்புக்கு முடியாத பெரியவர் என்று தெருவில் நாலு பேர் இருப்பார்கள். அவர்களில் கோயிலுக்குப் போகிறவர் ஒருவர் கையெழுத்து முதலாவதாக இருக்கட்டும், உங்களுடையது நாலாவதாக இருந்தால் போதும்.